தூக்கம்

எடைக்கும் எங்கள் பக்கத்தில் தூக்கம் என்றுதான் பேர்.
"பிள்ளைக்கு நல்ல தூக்கம் உண்டு கேட்டியா"
தராசிலிருந்து எடுத்துக் கையில் தந்தார்
லில்லிபாய் சிஸ்டர்.
ஐந்து மாதத்தில் எட்டு கிலோ முந்நூறு.
அட்டையில் பச்சைக்கு மேலே ஒரு புள்ளி வைத்தார்.
"நல்ல பாலு போல, ஷைஜி. என்ன திங்கிய?"

யோசித்துப் பார்த்தேன்.
நேற்று மரச்சீனி, மத்திச்சாறு கொஞ்சம்.
முந்தாநாள் சட்டி உடைந்துபோனது.

பிள்ளை மாரில் கிடந்தால் அவன் அடிக்கமாட்டான்.
ஏன் என்று தெரியாது. அவனுக்கும் ஒரு முறை இருக்கிறது.
ஜெபத்துக்குக் கண்மூடி இருந்தாலும் அடிக்கமாட்டான்,
ஆனால் ஜெபம் சீக்கிரம் முடிந்துவிடும்.

அதனால் வெளியே செருப்புச் சத்தம் கேட்டதும்
நைட்டியின் ஜிப்பை இறக்கி
அவளை எடுத்துப் போட்டுக்கொள்வேன்.
பசிக்கிறதா என்று
அவளிடம் கேட்டதே இல்லை.

வயிற்றில் கிடந்தபோது இந்த வழி இருக்கவில்லை.
"இது யாருக்க பிள்ள?" என்று கேட்டுக் கேட்டு
எனக்கு விழுந்ததில் பாதியை அவளும் வாங்கினாள்.
ஏழாம் மாதம் ஒன்றரை நாள் அசையவில்லை.
குலசேகரத்தில் ஜெல்லி தடவித் தேடினார்கள்.
எங்கேயோ ஆழத்தில்
தகரத்தில் விரல் தட்டுவதுபோல் கேட்டது.
"குளிமுறியில வழுக்கீற்று" என்றேன்.
எங்கள் குளிமுறிக்கு நாலு பக்கம் ஓலை,
தரை வெறும் சரல்.
சரலில் யாரும் வழுக்கமாட்டார்கள்.
அவன்தான் ஆட்டோவுக்குக் காசு கொடுத்தான்.

ரெஜின் பால்வெட்டுக்காரன்.
மூன்று மணிக்கு நெற்றியில் லைட்டைக் கட்டிப் போவான்,
முந்நூறு மரம்.
பட்டையை எவ்வளவு ஆழம் கீறலாம் என்று
அவன் கைக்கு மயிரிழை கணக்குத் தெரியும்.
கத்தி உள்மரத்தில் படக்கூடாது,
பட்டால் அந்த இடம் முண்டு கட்டும்,
முதலாளி தடவிப் பார்த்துக் கேட்பார்.

மழை என்றால் வெட்டு கிடையாது.
மரத்துக்கு பிளாஸ்டிக் கட்ட முதலாளிக்கு மனசில்லை.
சிரட்டைகள் மரத்தடியில் கவிழ்ந்து கிடக்கும்,
அவன் வீட்டில் கிடப்பான்.

சிஸ்டரே,
அந்தக் கோட்டை ஒருதரம் பாருங்கள்.
இடவப்பாதியில் எப்படி ஏறியிருக்கிறாள்.
ஓணவெயிலில் சாதாரணமாய்ப் போகிறாள்.
மறுபடி துலாமழை.

போன செவ்வாயும் மழைதான், மூன்றாம் நாள்.
காலையிலிருந்து ஒன்பது தடவை குடித்திருந்தாள்.
பத்தாவதற்கு
வாயைப் பூட்டிக்கொண்டாள்.
முகத்தைத் திருப்பினாள்.
கதவில் அவன் நிழல்.
நான் அவள் பின்தலையைப் பிடித்து அமர்த்தினேன்.
கன்னம் வழியே ஒழுகிக் கழுத்துக்குள் போனது பால்.
மூச்சுக்குத் திணறி, கையை விரித்து,
என்னைப் பார்த்தாள்.

அந்தப் பிடி எனக்குத் தெரியும்.
நாலு விரல் ஒரு பக்கம், பெருவிரல் காதுக்குக் கீழே.
என் பின்தலைக்கு நன்றாகத் தெரிந்த பிடி.
இப்போது என் கையில் இருந்தது.

சிஸ்டர் இன்னும் பேனாவோடு இருக்கிறார்,
நான் என்ன தின்கிறேன் என்று எழுத.

"அவ பசிச்சுக் குடிக்கல்ல சிஸ்டர்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன்.
வேறெதற்கும் வாய் வரவில்லை.

சிஸ்டர் எழுதவில்லை.
என் கழுத்தைப் பார்த்தார், ஜிப்பைப் பார்த்தார்,
அட்டையை ஒரு விரலால் மெதுவாகத்
தொடக்கத்திலிருந்து தடவிக்கொண்டு வந்தார்.
பிறகு ஆயாவிடம் கதவைச் சாத்தச் சொன்னார்.
"பிள்ளைய எனக்கிட்ட தா."

கொடுத்தேன்.
அவர் தோளில் வாய்பிளந்து உறங்கிப்போனாள்,
எட்டு கிலோ முந்நூறும்.

ஆஸ்பெஸ்டாசில் மழை.
நெஞ்சுக்கு முன்னால் ஒன்றும் இல்லாமல்
கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தேன்.